ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டாத வண்டி

ஹவில்தார் ஜெயபாண்டி (ஓய்வு) தன் வாழ்க்கையில் இரண்டே இரண்டு சபதம்தான் செய்திருந்தார். ஒன்று, சொந்த வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு மனைவியோடு லடாக் போய்ச் சேர்வது. இரண்டு, செத்தாலும் சகலை சங்கரலிங்கம் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை.

இரண்டும் நல்ல சபதங்கள்தான். சிக்கல் என்னவென்றால், ராஜபாளையத்திலிருந்து லடாக் போகிற ரோடு ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத்தான் போகிறது. அந்த ஊருக்குள் நுழைகிற இடத்தில், ரோட்டோர வேப்பமரத்துக்குப் பின்னால், பச்சை கேட் போட்ட வீடு சங்கரலிங்கத்துடையது.

சண்டை வந்து ஆறு வருஷம் ஆகிறது. ஒரு சொந்தக்காரர் வீட்டுப் பால்காய்ச்சு விருந்தில், சாப்பாடு முடிந்து, சகலைகள் இருவரும் ஒரே பெஞ்சில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெயபாண்டி இருபத்துநாலு வருஷம் ராணுவத்தில் லாரி ஓட்டியவர். சங்கரலிங்கம் முப்பத்தோரு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர். பேச்சு எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

"லடாக்ல உங்களுக்கு எதுத்தாப்ல என்ன சகலை வரும்? ஒரு மேகம் வரும். ஒரு ஆடு வரும். நம்ம ரோட்டுல சந்தை நாளு ஒரு ட்ரிப் அடிச்சுப் பாத்திருக்கீகளா?"

"ஒரு விசில் அடிச்சா நிக்கிறதுக்கும், ரெண்டு விசில் அடிச்சாக் கிளம்புறதுக்கும் பேரு டிரைவிங்கா சகலை? அதை எங்க ராஜபாளையத்து நாய் இன்னும் சுத்தமாச் செய்யுமே!"

அந்த நாயோடு பேச்சு நின்றது. ஜெயபாண்டி வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து, பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி தண்ணீர்ச் சபதம் போட்டார். சங்கரலிங்கம் சும்மா இருப்பாரா? "ராஜபாளையத்துக்குப் போயி அவரு வீட்டுப் படியை மிதிச்சா என் பேரை மாத்திக்கிடுதேன்" என்று பதிலுக்கு ஒன்று போட்டார். ஜெயபாண்டியின் மனைவி வெங்கடேஸ்வரியும், சங்கரலிங்கத்தின் மனைவி பாலம்மாளும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்த வருஷம் பாலம்மாளின் மகள் கோதைக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை மகாராஜபுரம். ஆவணி முதல் முகூர்த்தம்.

"கோதை கல்யாணத்துக்கு நாம முன்னாடியே போயி நிக்கணும்ங்க" என்றாள் வெங்கடேஸ்வரி.

"பத்திரிகை வரட்டும்."

"தபால்ல வந்தாப் போதுமா?"

"தபால்ல வாங்குறதுக்கு நான் யாரு, மூணாம் மனுசனா? பொண்ணைப் பெத்தவரு வெத்தலை பாக்குத் தட்டோட என் வீட்டுப் படியேறி, என் கையில குடுக்கணும். அதுதானே முறை?"

"மச்சான்தான் ராஜபாளையம் வரமாட்டேன்னு சொல்லிட்டாகளே."

"அப்ப நானும் வரமாட்டேன். சரியாப் போச்சுல்ல?"

சரியாகப் போகவில்லை. உள்ளுக்குள் ஜெயபாண்டிக்கு வலித்தது. லீவில் வரும்போதெல்லாம் அவர் டிரங்குப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் வாசலில் வந்து நிற்கிற பிள்ளை கோதை. லடாக்கிலிருந்து அவளுக்கென்றே உலர்ந்த ஆப்ரிகாட் பழம் கொண்டுவருவார். அவள் கழுத்தில் தாலி ஏறும்போது தான் அங்கே இல்லாமல் போய்விடுவோமோ என்று நினைக்கும்போதெல்லாம் எழுந்து வாசலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஆனாலும் ராணுவத்துக்காரர் பின்வாங்கலாமா? மனசை வேறு பக்கம் திருப்பினார். வண்டிப் பக்கம்.

வண்டி, மலை மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்த பழைய டீசல் வேன். குளிர் ஊர் என்பதால் உள்ளே ஹீட்டர்கூட உண்டு. ஜெயபாண்டி அதன் ஸீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில் போட்டார். கேஸ் அடுப்பு வைத்தார். பாத்திரம் கழுவத் தொட்டி, மேலே தண்ணீர் டேங்க், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. ஏறி இறங்க இரண்டு படி. படிக்குக் கீழே மிதியடி. தெருவே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

"இதுல ஹீட்டர் வேற எதுக்குங்க? நம்ம ஊரே ஹீட்டர்தானே?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு பால்ச்சாமி.

அவர் கேட்டிருக்கக் கூடாது. ஜெயபாண்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"லடாக் குளிரு உமக்குத் தெரியாது. மனுசனுக்கு மட்டுமில்ல, என்ஜினுக்கே குளிரும். ரேடியேட்டருக்கு முன்னாடி கம்பளியை மடிச்சுக் கட்டிருவோம். காத்து உள்ள போகக் கூடாது. அப்பத்தான் என்ஜின் சூடு ஏறும். கம்பளியை எடுத்தீருன்னா, ஐஸு!"

வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதை உண்டு. வெங்கடேஸ்வரி முப்பது வருஷமாகக் கேட்கிறாள். காப்பி டம்ளரை வைக்க வரும்போது பாதி, எடுக்க வரும்போது மீதி. அது அவள் காதில் ஏறுகிறதா இல்லையா என்று ஜெயபாண்டி ஒருநாளும் யோசித்ததில்லை.

'ஆபரேஷன் இமயம்' வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை தொடங்கியது. முதல் ஒத்திகை, மதுரை போய்த் திரும்புவது. தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தில் டயரை ஏற்றி, தெருவே கையாட்ட, வண்டி வடக்கே புறப்பட்டது. பதினோரு கிலோமீட்டர் போனது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் கண்ணில் பட்ட நேரத்தில் சூட்டு முள்ளும் சிவப்பைத் தொட்டது. முன்பக்கமிருந்து புஸ்ஸென்று ஆவி.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!"

"நிறுத்தத்தான் போறேன். நிழல் வேணும்ல?"

"அந்தா ஒரு வேப்பமரம்."

நிறுத்திய பிறகுதான் பச்சை கேட்டைப் பார்த்தார் ஜெயபாண்டி. சுற்றுமுற்றும் அந்த ஒரு மரத்தைத் தவிர நிழலே இல்லை. கேட்டுக்கு உள்ளே சங்கரலிங்கம் நாற்காலியில் சாய்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் இரண்டு அங்குலம் இறங்கியது. இரண்டு கண் தெரிந்தது. மறுபடி பேப்பர் ஏறியது.

"அக்காகிட்டத் தண்ணி வாங்கியாறேன்" என்று குடத்தோடு இறங்கினாள் வெங்கடேஸ்வரி.

"இந்த வீட்டுத் தண்ணியா? முடியாது!"

"வண்டிக்குத்தாங்க. சபதம் போட்டது நீங்கதானே, வண்டி ஒண்ணும் போடலையே?"

யோசித்துப் பார்த்தால் அதிலும் நியாயம் இருந்தது. ஜெயபாண்டி வேப்பமரத்தைப் பார்த்து, "தண்ணி வண்டிக்கு! எனக்கில்லை!" என்று சத்தமாக அறிவித்தார். மரம் ஒன்றும் சொல்லவில்லை. பேப்பரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு குடம் தண்ணீர் வாங்கப் போனவள் முக்கால் மணி நேரம் கழித்து, முகமெல்லாம் பூரிப்பாக, தலையில் மல்லிகைப் பூவோடு வந்தாள்.

அன்று காரணம் உண்மையாகவே ஒரு வெடித்த ஹோஸ் பைப். ராஜபாளையத்தில் மெக்கானிக் யாசின் அதை மாற்றிவிட்டு, "இனி காஷ்மீர் வரைக்கும் கவலையில்லாமப் போங்க ஹவில்தார்" என்றார்.

அந்த வாரம்தான் வெங்கடேஸ்வரி கணவனுக்கு ஒரு பரிசு கொடுத்தாள். மூன்றடி நீளம், ஒன்றரை அடி உயரம், கனமான தகரப் பலகை. ஆர்ட்டிஸ்ட்டிடம் கொடுத்து எழுதி வாங்கியிருந்தாள். சிவப்பு எழுத்து, மஞ்சள் பார்டர்.

*ஹவில்தார் ஜெயபாண்டி (ஓய்வு)*
*ராஜபாளையம் – லடாக்*

ஜெயபாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் தன் பெருமையை இப்படி வெளியே சொன்னதில்லை. வண்டியின் முன்னால், நட்ட நடுவில், அவளே நாலு போல்ட் போட்டு முறுக்கினாள். சூட்டில் பெயிண்ட் உரியாமல் இருக்கப் பலகையின் பின்பக்கம் முழுக்க ஒரு சாக்கையும் வைத்து, ஓரத்துத் துளைகளில் கோத்துத் தைத்திருந்தாள். என்ன அக்கறை!

"இதை வேற யாரும் தொடக் கூடாதுங்க. யாசின் அண்ணன் கையெல்லாம் கிரீஸு. ஒர்க்ஷாப் போறப்ப நானே கழட்டித் தாரேன்."

அதற்கென்று ஒரு பத்தாம் நம்பர் ஸ்பானர் வாங்கி அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஜெயபாண்டி தினமும் காலையில் பலகையின் எதிரே நின்று தன் பெயரைப் படித்துவிட்டுத்தான் பல் துலக்கினார். ஒவ்வொரு தடவையும் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் பார்த்தார். பலகை எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை.

இரண்டாவது ஒத்திகை. பதினோராவது கிலோமீட்டர். கோபுரம். முள் சிவப்பு. வேப்பமரம்.

"சனியன், இங்கயே வந்து நிக்குது பாரு!"

"நிழலாவது கிடைச்சுதேங்க" என்று குடத்தோடு இறங்கினாள் அவள். பேப்பர் இரண்டு அங்குலம் இறங்கி ஏறியது. இந்தத் தடவை வர ஒரு மணி நேரம். கையில் ஒரு தூக்குச் சட்டி.

"அது என்ன?"

"அக்கா குடுத்த புளிக்குழம்பு. எனக்குத்தான். நீங்க இந்த வீட்டுச் சாமானைத் தொடமாட்டீகளே."

சொல்லிவிட்டு வண்டிக்குள்ளேயே அடுப்பைப் பற்றவைத்து அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். ஜெயபாண்டி உறிஞ்சிவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினார். "வீட்டுல போடுற டீயை விட வண்டி டீக்குத் தனி ருசி இருக்குடி. என்னன்னே தெரியல." அவளுக்கும் தெரியவில்லை போலிருந்தது.

யாசின் ஒர்க்ஷாப்பில் ரேடியேட்டரைக் கழற்றி அலசினார். ஃபேன் பெல்ட்டை மாற்றினார். வாட்டர் பம்ப்பைப் பிரித்துப் பார்த்தார். சேத்தூர் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, முள்ளைக் காட்டினார். பாதியைக்கூடத் தொடவில்லை.

"ஹவில்தார், இது வண்டியில்ல, ஃப்ரிட்ஜு. மண்பானைத் தண்ணியே இதைவிடச் சூடா இருக்கும்."

"வில்லிபுத்தூர் போனாக் கொதிக்குதே யாசின்!"

"சேத்தூர் போனாக் கொதிக்கலையே. தெக்க போனாச் சரியா ஓடுது, வடக்க போனாக் கொதிக்குதுன்னா, நான் எந்த பார்ட்ஸை மாத்தட்டும்?"

அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிடுவது என்று ஜெயபாண்டி குற்றாலம் புறப்பட்டார். "அருவிச் சாரல் பட்டாப் பெயிண்ட் போயிரும்ங்க" என்று வெங்கடேஸ்வரி பலகையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்தாள். வண்டி பறந்தது. போய், குளித்து, திரும்பி வரும்வரை ஒரு மூச்சு ஆவி வரவில்லை.

பால்ச்சாமி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எந்தக் கிழமை வடக்கே போனீக?" என்றார்.

"ரெண்டாவது வாட்டி செவ்வாய்."

"அப்பறம் ஏன் கேக்கீக? செவ்வாயும் புதனும் வடக்கே சூலம்! பால் குடிச்சுட்டுல்லா கிளம்பணும்?"

மூன்றாவது ஒத்திகை வியாழக்கிழமை. சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்று ஜெயபாண்டி ஒரு டம்ளர் பால் குடித்தார். ரேடியேட்டருக்கும் அரை டம்ளர் காட்டினார். அதோடு தன் ராணுவ மூளையையும் முடுக்கினார். என்ஜின் சூட்டை இழுத்து உள்ளே விடுவதுதானே ஹீட்டர்? அதை முழுசாகத் திருப்பிவிட்டால் என்ஜின் ஆறும் அல்லவா? உண்மைதான், ஆறும். ஆனால் உள்ளே இருப்பவர்கள் வெந்துவிடுவார்கள். வெளியே ராஜபாளையத்து வெயில். உள்ளே மலைக்குளிருக்குச் செய்த ஹீட்டர். ஜெயபாண்டியின் மீசையிலிருந்து வேர்வை சொட்டியது.

வெங்கடேஸ்வரி முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, ஒரு தாம்பாளத்தை எடுத்து ஹீட்டர் வாய்க்கு நேராக வைத்தாள்.

"என்னடி அது?"

"மோர் மிளகாங்க. ரெண்டு நாளா மேகமா இருந்துச்சு, காயவே இல்லை. இம்புட்டுச் சூடு சும்மா போகுதேன்னு எடுத்தாந்தேன்."

ஹீட்டர் புண்ணியத்தில் வண்டி ஒரு கிலோமீட்டர் அதிகமாகத் தாக்குப்பிடித்தது என்று சொல்ல ஆசைதான். பிடிக்கவில்லை. அதே கோபுரம், அதே முள், அதே வேப்பமரம். மிளகாய் மட்டும் நன்றாகக் காய்ந்திருந்தது.

ஆடி பாதி கடந்தது. கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் பாக்கி. பத்திரிகை அச்சாகிவிட்டது என்று வெங்கடேஸ்வரி சொன்னபோது ஜெயபாண்டி வானத்தைப் பார்த்தார். மறுநாள், "நாலாவது ஒத்திகை!" என்று கிளம்பினார். எதற்கென்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. அந்த வீட்டு வாசலில் பந்தல்கால் நட்டுவிட்டார்களா என்று பார்க்கத் தோன்றியது என்பதை அவர் யாரிடமும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

வேப்பமரம் வந்தது. ஆவியும் வந்தது. ஜெயபாண்டி சாவியில் கை வைத்தார்.

பேப்பர் இந்தத் தடவை இரண்டு அங்குலம் இறங்கவில்லை. ஒரேயடியாக மடிந்தது. முப்பத்தோரு வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர். ஒரு என்ஜின் கண்ணெதிரே நாலாவது தடவையாகச் சாவதை எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பார்?

"பாலம்மா, அவியகிட்டச் சொல்லு, என்ஜினை ஆஃப் பண்ண வேண்டாம்னு. தண்ணி ஓட்டம் நின்னு என்ஜின் ஹெட்டு வளைஞ்சிரும். செத்த நேரம் நின்னபடியே ஐடிலிங்ல ஓடட்டும்."

ஜெயபாண்டி மரத்தைப் பார்த்தார். "ஈஸ்வரி, அவியகிட்டச் சொல்லு, நாங்க பதினெட்டாயிரம் அடி உசரத்துல ஆஃப் பண்ணி ஆன் பண்ணவங்கன்னு."

"அங்க ஐஸு கிடக்கும், இங்க வெயிலுல்ல கிடக்குன்னு சொல்லு பாலம்மா."

"எனக்குத் தெரியும்னு சொல்லு ஈஸ்வரி."

"தெரிஞ்சா எதுக்கு நாலு வாட்டி கொதிக்குதுன்னு கேளு பாலம்மா."

"அது என் வண்டி, எம்புட்டு வாட்டி வேணும்னாலும் கொதிக்கும்னு சொல்லு ஈஸ்வரி!"

சத்தம் கேட்டு வாசலுக்கு வந்திருந்த பாலம்மாள் தங்கையின் கையைப் பிடித்தாள். "ஏட்டி, அடுப்புல பருப்பு கிடக்கு, வா உள்ள. இவியளுக்கு நடுவுல தலையை ஆட்டி ஆட்டி எனக்குக் கழுத்து வலிக்கு."

இருவரும் உள்ளே போய்விட்டார்கள். சொல்லி அனுப்ப ஆள் இல்லாமல் இரண்டு டிரைவர்களும் நின்றார்கள். நடுவில் வண்டி மட்டும் உஸ் உஸ் என்று பேசிக்கொண்டிருந்தது. ஜெயபாண்டிக்குக் கோபம் தலைக்கேறியது. தோளில் கிடந்த துண்டைச் சுருட்டிக்கொண்டு, ரேடியேட்டர் மூடியின் மேல் கையை வைத்தார்.

"தொடாதீக சகலை!"

பச்சை கேட் படாரென்று திறந்தது. அறுபத்து நாலு வயது மனிதர் அவ்வளவு வேகமாக வந்து ஜெயபாண்டி பார்த்ததில்லை. வந்து, அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

"மூஞ்சியில அடிச்சிருக்கும்! புத்தி இருக்கா உங்களுக்கு?"

ஆறு வருஷத்துக்குப் பிறகு கேட்ட அந்த 'சகலை'யில் ஜெயபாண்டிக்கு மூடியே மறந்துபோனது. சங்கரலிங்கம் தன் முழங்கையைத் திருப்பிக் காட்டினார். பழைய தழும்பு. "இந்தா பாருங்க. மூடியை அவசரப்பட்டுத் திறந்ததுதான். கான்சாபுரம் ட்ரிப்பு."

ஜெயபாண்டி சட்டைக் கையை ஏற்றினார். "இது லடாக். இதே மூடிதான்."

இரண்டு தழும்புகளும் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஏறக்குறைய ஒரே அளவு.

"ஹீட்டரைப் போட்டு விட்டீகளா?" என்றார் சங்கரலிங்கம்.

"போடாம இருப்பனா? வந்து பாருங்களேன்."

சங்கரலிங்கம் மிதியடியில் காலைத் துடைத்துவிட்டு, இரண்டு படி ஏறி உள்ளே போனார். ஹீட்டரைத் தொட்டுப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். திரையை விலக்கி விலக்கி மூடினார். கட்டிலில் உட்கார்ந்து ஒரு தடவை குதித்துப் பார்த்தார்.

"சகலை, இது வண்டியா, வீடா?"

"வீடுதான் சகலை! அடுப்பு இருக்கு, கட்டில் இருக்கு, தண்ணி இருக்கு. ரேஷன் கார்டு ஒண்ணுதான் இல்லை. சத்தியமாச் சொல்றேன், இதுதான் என் வீடு!"

"கேட்டியா ஈஸ்வரி?" என்று வண்டி வாசலில் குரல் வந்தது.

பாலம்மாள் நின்றுகொண்டிருந்தாள். கையில் தட்டு. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், குங்குமம், அதன்மேல் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. பருப்பு வேகிற நேரத்தில் தயாராகிற தட்டாக அது தெரியவில்லை.

"தம்பி, இது உங்க வீடுன்னு உங்க வாயாலயே சொல்லிட்டீக. பொண்ணைப் பெத்தவரு உங்க வீட்டுப் படியேறி வந்து உக்காந்திருக்காரு. பொறவு என்ன?"

சங்கரலிங்கம் துள்ளி எழுந்து மேற்கூரையில் தலையை இடித்துக்கொண்டார். "ஏய், நான் சபதம்..."

"ராஜபாளையத்துக்குப் போயி படியேற மாட்டேன்னுதான மச்சான் சொன்னீக?" என்றாள் வெங்கடேஸ்வரி. "இது வில்லிபுத்தூருல்லா?"

சகலைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எந்தப் பக்கம் புரட்டினாலும் சபதம் இரண்டும் சேதாரம் இல்லாமல் இருந்தது. சங்கரலிங்கம் தட்டை வாங்கினார். "சகலை... கோதை தினமும் கேக்கா, சித்தப்பா வருவாகளான்னு" என்று நீட்டினார். ஜெயபாண்டி இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வாயைத் திறந்தபோது அதட்டல்தான் வந்தது.

"ஈஸ்வரி! வீட்டுக்கு வந்தவருக்கு டீ போடமாட்டியா?"

டீ வந்தது. சங்கரலிங்கம் ஒரு வாய் குடித்தார். புருவத்தைச் சுருக்கினார். இன்னொரு வாய் குடித்தார்.

"இந்த லேசான உப்பு எனக்குத் தெரியுமே. இது எங்க வீட்டு போர் தண்ணியில்லா?"

ஜெயபாண்டியின் டம்ளர் உதட்டுக்கும் மார்புக்கும் நடுவில் நின்றது. "ஈஸ்வரி, டேங்குல இருக்குறது எந்தத் தண்ணி?"

"ரேடியேட்டருக்குப் பிடிக்கும்போது அப்படியே நாலு குடம் டேங்குலயும் ஊத்திருவேங்க."

"எப்ப இருந்து?"

"மொத வாட்டி நின்ன அன்னைக்கே இருந்து. வண்டி டீக்குத் தனி ருசின்னு நீங்கதானே சொன்னீக?"

ஆக, சபதம் போய் இரண்டு மாசம் ஆகியிருந்தது. ஜெயபாண்டி மிச்ச டீயையும் குடித்தார். வேறு என்ன செய்வது? சங்கரலிங்கம் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். மனுஷர் சிரிப்பதைப் பார்த்து ஜெயபாண்டிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, போகட்டும்!" என்று எழுந்தார். "கல்யாணம் முடியட்டும். அடுத்த நாளே லடாக். ஆனா இந்தக் கொதிப்புக்குத்தான் காரணம் தெரியலை. யாசினுக்கே தெரியலைன்னா யாருக்குத் தெரியும்?"

"இனிமே கொதிக்காதுங்க" என்றாள் வெங்கடேஸ்வரி. இடுப்பிலிருந்து பத்தாம் நம்பர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

இரண்டு சகலைகளும் பின்னாலேயே இறங்கினார்கள். அவள் வண்டிக்கு முன்னால் குனிந்து, முறுக்கு பிழிகிற லாகவத்தோடு நாலு போல்ட்டையும் கழற்றினாள். பலகை இறங்கியது. பின்னால் தைத்திருந்த சாக்கிலிருந்து ஆவி கிளம்பியது. சாக்கு இருந்த இடத்துக்கு நேர் பின்னால், மூச்சு விடக் காத்திருந்த மாதிரி, ரேடியேட்டர் பல்லைக் காட்டியது.

ஜெயபாண்டி பலகையைப் பார்த்தார். ரேடியேட்டரைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார்.

"ரேடியேட்டருக்கு முன்னாடி... சாக்கு..."

"கம்பளி கிடைக்கலைங்க" என்றாள். "காத்து உள்ள போகக் கூடாது, அப்பத்தான் சூடு ஏறும். எடுத்துட்டா ஐஸு. நீங்க சொன்னதுதானே?"

"முப்பது வருஷமா நான் சொன்னதுல இது ஒண்ணை மட்டும்தான் காதுல வாங்கினியாடி?"

"எல்லாத்தையும் வாங்கித்தாங்க வச்சிருக்கேன். வேணுங்கிறப்ப எடுக்கணும்ல?"

ஜெயபாண்டி மீசையைத் தடவினார். தோற்றாலும் ஒரு கௌரவம் வேண்டாமா? "போகட்டும். பேராவது நல்லா எழுதியிருக்கு. ராஜபாளையம், லடாக். எவ்வளவு கம்பீரமா இருக்கு! இந்தப் பலகையை நான் விடமாட்டேன். வண்டி உச்சியில மாட்டிக்கிட்டுப் போவேன்."

சங்கரலிங்கம் அதற்குள் பலகையைக் கையில் வாங்கியிருந்தார். அதன் ஓரத்தை விரலால் தடவினார். தட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. தையலைப் பிய்த்துச் சாக்கை உருவினார்.

"ஏய் பாலம்மா! இது என் போர்டுல்லா! பழைய பஸ்ஸை உடைச்சப்ப, ரிட்டயர்மெண்டு ஞாபகமா டெப்போக்காரங்க எனக்குக் குடுத்தது! பரண்ல வச்சதைக் காணோம்னு வைகாசியில இருந்து தேடுதேன்!"

பாலம்மாள் வேப்பமரத்தில் எத்தனை இலை இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

சங்கரலிங்கம் பலகையைத் திருப்பிப் பிடித்தார். ஜெயபாண்டி குனிந்து படித்தார். இரண்டு மாசமாக அவருடைய லடாக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கறுப்பில் வெள்ளை எழுத்தாக, கொட்டை கொட்டையாக எழுதியிருந்தது: *ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர்.*

வெங்கடேஸ்வரி ஸ்பானரை முந்தானையில் துடைத்து இடுப்பில் சொருகிக்கொண்டே சொன்னாள்:

"முன்பக்கம் எழுதினது ஊருக்குங்க. வண்டிக்குத் தெரியிறது பின்பக்கம்தானே?"